கேணலுக்குப் பீதி

கணனி வருவதற்கு முன்பு குருநகரில் ஒருவன் கடலுக்குப் போவதென்றால் மூன்று பேரின் தயவு வேண்டியிருந்தது: கடவுள், காற்று, செபநாயகம். முதல் இருவரும் சில நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. செபநாயகம் ஒருநாளும் திருப்பியதில்லை. கடனீரேரிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுப் பேரவையின் யன்னலோரத்தில் அவர் இருப்பார். வந்தவனின் முகத்தைப் பார்ப்பார். பேரையும் கேட்கமாட்டார், படகு இலக்கத்தையும் கேட்கமாட்டார். எல்லாம் அவருக்குத் தெரியும். பாஸை எழுதி, ஊதி மை காயவைத்து, முத்திரையைக் குத்திக் கொடுப்பார். கரையில் நிற்கும் இராணுவக் காவல்காரரிடம் அதைக் காட்டினால் கடலுக்குப் போகலாம். எண்பத்தெட்டாம் ஆண்டில் கடலுக்கும் கதவு இருந்தது.

இந்த ஏற்பாடு எவருக்கும் தொந்தரவு தராமல் நடந்துகொண்டிருந்தது. பேரவையின் தலைவர், சமாதான நீதவான் சந்தியாப்பிள்ளை அவர்களுக்கு அதுதான் மனக்குறை. இருப்பதே தெரியாமல் இயங்குவதெல்லாம் ஒரு நிறுவனமா என்று அவர் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறார். ஆகவே, வெளிநாட்டு உதவி அமைப்பொன்று "உங்களுக்கு என்ன தேவை?" என்று விசாரித்தபோது, உறுப்பினர்கள் எல்லாரும் ஐஸ் அறை வேண்டுமென்று கைதூக்க, தலைவர் கணனி வேண்டுமென்று எழுதி அனுப்பினார். கணனி வந்தது. அதற்குச் சூடு ஆகாது என்பதால் கூடவே ஒரு குளிரூட்டியும் வந்தது. ஐஸ் கேட்டவர்களுக்கு அதுவும் ஒருவகையில் பதில்தான்.

திறப்பு விழாவில் தலைவர் பேசினார்.

"அன்பான உறுப்பினர்களே! இதுவரை செபநாயகம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பாஸ் கொடுத்தார். இது முறையா? முகம் பார்த்துச் செய்வதெல்லாம் ஊழலின் வாசல். இன்றிலிருந்து இந்தப் பேரவையில் உங்கள் முகத்தை அடையாளம் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

கைதட்டினார்கள். ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமலே முன்வரிசையில் நின்று பலமாகத் தட்டியவர்களில் சூசைதாசனும் ஒருவன். அவனுக்கு ஒரு பிளாஸ்ரிக் படகு, பதினைந்து குதிரைவலு மெசின் ஒன்று, மைத்துனன் கிறகோரி, மனைவி ஸ்ரெல்லா, இரண்டு பெண் பிள்ளைகள். சோளகக் காற்று அடங்கிவிட்டது, வாடைக்காற்று இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைநாட்களில் வருகிற இறால் பிடிபாட்டை நம்பித்தான் மாரி முழுவதும் அவன் வீட்டில் அடுப்பெரியும். அதனால் அடுத்த திங்கட்கிழமை விடியவே பேரவைக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றான்.

முதலாவதாக நின்றதுதான் வினையாயிற்று. கணனிப் பாஸ் பெறும் முதல் தொழிலாளி என்று படம் எடுக்க வேண்டுமாம். அவனை உள்ளே கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவன் செருப்பே போட்டு வரவில்லை. ஆகவே கால்களைத் துடைக்கச் சொன்னார்கள்.

கணனியைத் தொடக்குவதற்கு ஒரு முறை இருந்தது. தலைவர் இல்லாத வேளையில் அதை எவரும் போடக்கூடாது. தலைவர் வெப்பத்தில் நிற்கக்கூடாது. ஆகவே தலைவர் உள்ளே வலக்காலை வைத்ததும், அவருடைய மருமகனும் பேரவையின் கணனி முகாமையாளருமான கனிசியஸ் ஒரு கையால் குளிரூட்டியின் சுவிச்சையும் மறு கையால் கணனியின் சுவிச்சையும் ஒரேயடியாகப் போடவேண்டும். பார்ப்பதற்குப் பூசையில் மணியும் தீபமும் சேர்ந்து எழுவதுபோல இருக்கும். கனிசியஸ் கொழும்பில் ஒரு கிழமை கணனி படித்தவன். அதில் சனி, ஞாயிறு விடுமுறை.

இரண்டு சுவிச்சும் விழுந்தன. குளிரூட்டி உறுமியது. கூரையில் எரிந்த மின்குமிழ் ஒருகணம் மங்கிப் பிறகு தெளிந்தது. கணனித் திரையில் பச்சை எழுத்துகள் வரிவரியாக ஏறின. ஏறிக்கொண்டு வந்தவை சட்டென்று நின்றன. கடைசி வரிக்குக் கீழே ஒரு சிறு கட்டம் மட்டும் கண்சிமிட்டியது.

"என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

கனிசியஸ் குனிந்து வாசித்தான். "கேர்னல்... பானிக்."

கனிசியஸின் நாக்குக்கு அந்த 'ர்' பிடிபடவில்லை. எல்லார் காதிலும் விழுந்தது 'கேணல் பானிக்' என்றுதான்.

"கேணலோ?" தலைவரின் முகம் வெளிறியது. "எந்தக் கேணல்?"

"அது போடேல்லை மாமா. கேணலுக்குப் பீதி எண்டுமட்டும் கிடக்கு."

அந்த நாட்களில் குடாநாட்டில் கேணல் என்றால் அது இராணுவ முகாமில் இருக்கும் படைத்தளபதி ஒருவரைத்தான் குறிக்கும். அவருக்கே பீதி என்றால் மற்றவர்களின் கதி என்ன? படம் எடுக்க வந்தவன் கமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொல்லாமலே புறப்பட்டான். வாசலில் நின்ற வரிசை அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கலைந்தது. சூசைதாசன் துடைத்த காலோடு வீதிக்கு வந்தபோது செய்தி அவனுக்கு முன்னே போய்விட்டிருந்தது. பாண்கடையில் கடைசிப் பாணுக்கு இரண்டு பேர் இழுபட்டார்கள். ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"என்ன அண்ணை நடந்தது?" என்று சூசைதாசன் அவரைக் கேட்டான்.

"கேணலுக்குப் பீதியாம்! கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுதாம்!"

தான் கண்ணால் பார்த்த செய்திதான். ஆனாலும் அவர் ஓடிய வேகத்தைப் பார்த்ததும் சூசைதாசனும் ஓடினான்.

பின்னேரம் முகாமிலிருந்து ஓர் அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு பேரவைக்கு வந்தார். எங்கள் கேணல் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நித்திரையாக இருக்கிறார், அவருக்குப் பீதி என்று சொன்னவன் யார் என்று கேட்டார். தலைவர் விரலால் கணனியைக் காட்டினார். அதிகாரி திரையைக் குனிந்து வாசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்குப் பேரவையில் சிரித்தவர் அவர் ஒருவர்தான். சிரித்து முடித்து, தொப்பியைச் சரிசெய்து, "இந்தக் கேணல் எங்கள் ஆளில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபத்து நீங்கியதும் பேரவைக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் ஒரு குழு அமைக்கப்பட்டது. கணனியின் பீதி பற்றிய விசாரணைக் குழுவுக்குத் தலைவர் தலைவரே. கனிசியஸ் செயலாளர். மொழி விடயங்களுக்கு அளவெட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பண்டிதர் ஆழ்வாப்பிள்ளை. சம்பவத்தை நேரில் கண்ட சாட்சியாகச் சூசைதாசன் அழைக்கப்பட்டான்.

"நீர் உள்ளுக்கை வரேக்கை கையிலை என்ன வைச்சிருந்தனீர்?" தலைவர் கேட்டார்.

"ஒண்டும் இல்லை ஐயா."

"காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பழஞ்சோறும் கருவாடும்."

தலைவர் கனிசியஸைப் பார்த்தார். கனிசியஸ் அதைக் குறித்துக்கொண்டான்.

"ஐயா, எனக்கு உந்த மெசினைப் பற்றி ஒண்டும் தெரியாது. செபநாயகம் அண்ணையிட்டைச் சொல்லி ஒரு பாஸை எழுதித் தந்தியளெண்டால் நான் போயிடுவன். இறால் படுகிற நாள்..."

"கையாலை எழுதுறதோ!" தலைவர் எழுந்தே விட்டார். "கணனி சுகமில்லாமல் கிடக்கேக்கை கையாலை எழுதினால் அதுக்கு என்ன மரியாதை? குடுத்த வெள்ளைக்காரன் கேள்விப்பட்டால் என்ன நினைப்பான்? அது சுகப்படும்மட்டும் ஒருத்தருக்கும் பாஸ் இல்லை. இது ஒழுக்கப் பிரச்சினை."

யன்னலோரத்தில் இருந்த செபநாயகம் தன்னுடைய வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேனையைக்கூட அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

சாட்சி சொல்லிவிட்டுப் போக எழுந்த சூசைதாசனைத் தலைவர் இருத்தினார். குழுவில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் இருந்தால் வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று அவருக்கு அந்தக் கணத்தில்தான் தோன்றியது. அப்படியாக, பீதியைக் கண்ட குற்றத்துக்காக வந்தவன் பீதியை ஆராயும் குழுவில் உறுப்பினன் ஆனான்.

குழு நாள்தோறும் கூடியது. முதலில் தலைவர் உள்ளே வருவார். இரண்டு சுவிச்சும் விழும். குளிரூட்டி உறுமும், மின்குமிழ் மங்கும், எழுத்துகள் ஏறும், நிற்கும். "இண்டைக்கும் பீதிதான்" என்று கனிசியஸ் அறிவிப்பான். பிறகு பால்தேநீரும் கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றும் வரும். பிறகு ஆராய்ச்சி தொடங்கும்.

முதல் கிழமை முழுவதும் ஆராய்ச்சி மொழியில் நின்றது. பிழைக்குப் பெயர் வைக்காமல் பிழையைத் திருத்துவது தமிழ்ப் பண்பாடு அல்ல என்பது ஆழ்வாப்பிள்ளைப் பண்டிதரின் நிலைப்பாடு. அவர் வீட்டிலிருந்து தடித்த அகராதியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கேர்னல் எண்டால் படைத்தளபதி இல்லை. எழுத்து வேறை. கொட்டைக்கு உள்ளை இருக்கிற பருப்பு எண்டுதான் பொருள் போட்டுக் கிடக்கு. ஆகவே இந்த நோய்க்குப் பருப்புப் பீதி எண்டு பேர் வைக்கலாம்."

"பருப்பெண்டால் சனம் சிரிக்கும் பண்டிதர்," என்றார் தலைவர்.

"அப்ப கருக்கலக்கம்?"

"அது பிள்ளைத்தாய்ச்சியளுக்கு வாறது மாதிரிக் கிடக்கு."

"வித்தகத் திகில்?"

சூசைதாசன் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் பார்வையைத் திருப்பியபடி இருந்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கதிரைக்குச் சாய்மானம் இருந்தது. பால்தேநீரில் சீனி தாராளமாக இருந்தது. வீதியால் போகிறவர்கள் யன்னலுக்குள்ளால் அவனைப் பார்த்தார்கள். முந்திப் பேசாதவர்கள்கூட, "சூசையண்ணை, எங்கடை பாஸையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று வழியில் மறித்தார்கள். இரண்டாம் கிழமை, "மையப் பீதி" என்ற சொல் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவன் கையும் உயர்ந்தது. சொல் நிறைவேறியது. கணனி அதே இடத்தில் நின்றது.

அன்று பின்னேரம் ஸ்ரெல்லா வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று சிறிய ஓரா. சந்தையில் வாங்கியவை. அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அதுவரை ஒருவரும் மீனை விலைக்கு வாங்கியதில்லை. சந்தைக்குள் தலையைக் குனிந்துகொண்டு போய், தன்னை அறிந்த மீன்காரிகள் இல்லாத மூலையில் வாங்கிவந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, கிணத்தடியிலை வாளி நிரம்பிக் கிடக்கு. ஒருக்கா எடுத்துவாங்கோ."

"அதைப் பரிசீலிப்பம்," என்றான் சூசைதாசன்.

வாய்தவறித்தான் வந்தது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. ஸ்ரெல்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னது?"

"இல்லை... எடுத்துவாறன்."

"கிறகோரி இண்டைக்கும் வந்திட்டுப் போறான். வாடை பிறந்தால் பிறகு கடல் விடாது எண்டு அழாத குறை. நீங்கள் அங்கை பிஸ்கற் திண்டுகொண்டு மெசினுக்குப் பேர் வைக்கிறியள். உங்கடை மெசின் கரையிலை கவிண்டு கிடந்து துருப்பிடிக்குது, அதுக்கு ஒரு பேரும் வேண்டாமோ?"

சூசைதாசன் வாளியைத் தூக்கி வந்து வைத்தான். அன்றிரவு ஓராவில் முள் அதிகமாக இருந்தது. மூத்த பிள்ளை, "அப்பா, இது நீங்கள் பிடிச்சதோ?" என்று கேட்டாள். அவன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த மௌனமும் குழுவில் பழகியதுதான் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கணனி விற்ற கொழும்புக் கொம்பனியிலிருந்து கடைசியில் ஒரு பொறியியலாளர் வந்தார். அருந்ததி என்று பெயர். பண்டத்தரிப்புப் பிள்ளை, கொழும்பில் வேலை. வரும் வழியில் எத்தனையோ சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறியிருந்தாள். முகத்தில் களைப்பு இருந்தது, பொறுமை அவ்வளவாக இருக்கவில்லை. தலைவர் வரவேற்புரைக்கு எழுந்தார்.

"ஐயா, முதலிலை மெசினைப் போட்டுக் காட்டுங்கோ," என்றாள் அவள்.

தலைவர் வெளியே போய், மறுபடியும் முறையாக வலக்காலை வைத்து உள்ளே வந்தார். கனிசியஸ் இரண்டு கைகளாலும் இரண்டு சுவிச்சையும் போட்டான். அருந்ததி கணனியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"லைற் ஏன் மங்குது?"

"அது எப்பவும் அப்பிடித்தான், மிஸ்."

"இப்ப ஏசியைப் போடாமல் மெசினை மட்டும் போடுங்கோ."

கனிசியஸ் தலைவரைப் பார்த்தான். தலைவர் கழுத்தைத் துடைத்தபடி தலையசைத்தார். கணனி மட்டும் போடப்பட்டது. எழுத்துகள் ஏறின. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டின. இன்னும் ஏறின. கடைசியில் திரை வெறுமையாகி, உள்ளே வருகிறவரின் பெயரைக் கேட்டது. எவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் பீதியைத்தான் அவர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

"கேர்னல் எண்டது உள்ளுக்கை இருக்கிற மூலப் புரோகிராம்," என்றாள் அருந்ததி. "மெசின் எழும்பேக்கை முதலிலை அதுதான் எழும்பும். எழும்பிப் போய் டிஸ்க்கிலை கிடக்கிற மிச்சத்தைத் தேடும். சரியா அந்த நேரம் பாத்து நீங்கள் ஏசியைப் போட, அது கரண்டை ஒரேயடியா இழுக்குது. டிஸ்க் தடுமாறுது. தேடிப்போன இடத்திலை ஒண்டுமில்லாட்டி அது என்ன செய்யும்? எனக்கு ஏலாதெண்டு சொல்லிப்போட்டு நிண்டிடும். அவ்வளவுதான் பானிக். ஏசிக்கு வேறை லைன் இழுங்கோ. இழுக்குமட்டும், மெசின் எழும்பேக்கை ஏசியைப் போடாதேங்கோ."

"அப்படியெண்டால்," தலைவர் நிதானமாகக் கேட்டார், "பீதிக்குக் காரணம் குளிரூட்டி. குளிரூட்டிக்குக் காரணம் நான் உள்ளுக்கை வாறது. அதைத்தானே பிள்ளை சொல்ல வாறீர்?"

"நான் கரண்டைப் பற்றித்தான் சொல்லுறன் ஐயா," என்றாள் அருந்ததி. இருட்டமுன் பண்டத்தரிப்புக்குப் போய்ச் சேர வேண்டுமென்று பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

அவள் போன பிறகு குழு கூடியது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"நான் பதவிக்கு ஆசைப்பட்டவன் அல்ல. ஆனால் ஒரு தலைவர் உள்ளே வருவதும் கணனி பீதியடைவதும் ஒரே நேரத்தில் நடப்பதாக அறிக்கையில் எழுதினால், நாளைய வரலாறு அதை எப்படி வாசிக்கும்? ஆகவே அறிக்கை இப்படி இருக்கட்டும்: 'குளிரூட்டியின் சுவிச்சு பொறுப்பாளர் இல்லாமல் இருந்ததே காரணம்.' பொறுப்பாளர் ஒருவரை நியமித்தால் காரணம் நீங்கிவிடும்."

எல்லாருடைய பார்வையும் சூசைதாசன்மேல் வந்து நின்றது.

மறுநாள் முதல் அவன் குளிரூட்டிப் பொறுப்பாளர். கணனி எழும்பும்போது எவரும் குளிரூட்டியைப் போடாதபடி அந்தச் சுவிச்சுக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பது அவனுடைய கடமை. கணனி ஒழுங்காக எழும்பியது. பாஸ்கள் சத்தத்தோடு அச்சாகி வந்தன. வரிசை குறைந்தது. கரையில் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்னேரங்களில் குருநகர் முழுவதும் இறால் அவியும் மணம் வீசியது. சூசைதாசன் தன்னுடைய முறைக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுக் கனிசியஸைக் கேட்டான்.

"தம்பி, என்ரை பாஸ்?"

"உங்கடை பேர் தொழிலாளர் பகுதியிலை இல்லையே அண்ணை. உத்தியோகத்தர் பகுதிக்கு மாத்தியாச்சு. ஒரு ஆள் ரண்டு பகுதியிலை இருக்கேலாது, கணனி ஏற்காது. உத்தியோகத்தருக்குப் பாஸ் தேவையில்லைத்தானே? அவை கடலுக்குப் போறேல்லையே."

சூசைதாசன் நேரே தலைவரிடம் போனான்.

"ஐயா, எனக்கு உந்த உத்தியோகம் வேண்டாம். நான் விலகிறன்."

"விலகலாம் சூசைதாசன். தாராளமா விலகலாம்." தலைவர் அன்போடு சொன்னார். "ஆனா அதைக் குழு ஏற்க வேணும். எல்லா உறுப்பினரும் இருந்தால்தான் குழு கூடும். ஆழ்வாப்பிள்ளைப் பண்டிதர் மகள் வீட்டை போயிட்டார், தைப்பொங்கலுக்குத்தான் வருவார். அதோடை, உம்மடை விலகலைப் பற்றி நாங்கள் உள்ளுக்கை இருந்து கதைக்கேக்கை சுவிச்சை ஆர் பாக்கிறது?"

 சூசைதாசன் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தான். யன்னலுக்கு வெளியே கடல் தெரியவில்லை. ஆனால் காற்று வந்தது. காற்றின் மணத்தில் வாடைக்கு இன்னும் கனநாள் இல்லை என்பது தெரிந்தது. கிறகோரி இரண்டு முறை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அவன் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் உதவி அமைப்பின் வெள்ளைக்காரப் பிரதிநிதி கணனியைப் பார்க்க வந்தார். தலைவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். மேசையில் பூச்சாடி. கணனி காலையிலேயே எழும்பி நல்லபடி ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே காட்டியிருக்கலாம். ஆனால் ஓடுகிறதைக் காட்டுவதில் என்ன பெருமை? அதை நிறுத்தித் திரும்பவும் பிறப்பிலிருந்து தொடக்கிக் காட்டுமாறு தலைவர் உத்தரவிட்டார். மெசின் எழும்பவேண்டுமென்பதால் குளிரூட்டியும் நிறுத்தப்பட்டது. பிறகு தலைவர் உரையைத் தொடங்கினார்.

உரை நீளமானது. அறையில் ஆட்கள் நிறைய. தலைவரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து, கண்ணுக்குள் போய், கையிலிருந்த தாளில் சொட்டியது. வெள்ளைக்காரரின் முகமும் வேகவைத்த நண்டுபோலச் சிவந்து வந்தது. தலைவர் அதைக் கண்டார். உரையை நிறுத்தாமலே சூசைதாசனை நோக்கி விரலைச் சுழற்றினார்.

சூசைதாசன் எழுந்து நின்றான். கனிசியஸின் விரல் அப்போதுதான் கணனியின் சுவிச்சில் இருந்தது.

"ஐயா, அந்தப் பிள்ளை சொன்னது..."

"ஏசியைப் போடும் காணும்!"

"மெசின் எழும்பேக்கையோ ஐயா?"

"உமக்கு ஆர் தலைவர், நானோ அந்தப் பிள்ளையோ? போடும் எண்டால் போடும்!"

சூசைதாசனுக்கு அந்தக் கணத்தில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, கடமையைச் செய்வது. மற்றது, கீழ்ப்படிவது. இத்தனை நாட்களாக அவனுக்கு இந்தப் பேரவையில் இரண்டும் ஒன்றென்றே சொல்லித் தந்திருந்தார்கள். அவன் கிறகோரியின் பேசாத முகத்தை நினைத்தான். கனிசியஸ் கணனியின் சுவிச்சைத் தட்டினான். சூசைதாசன் மனநிறைவோடு கீழ்ப்படிந்தான்.

குளிரூட்டி உறுமியது. மின்குமிழ் மங்கியது. எழுத்துகள் ஏறி வந்து நின்றன.

வெள்ளைக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார். நிமிர்ந்து தலைவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.  திரை சொன்னது தலைவரின் முகத்திலும் அப்படியே எழுதியிருந்தது.

விருந்தினர் வாகனம் ஏறியதும் தலைவர் சூசைதாசனை எல்லார் முன்னாலும் நிறுத்தினார். இவன்தான் மெசினைக் கெடுத்தவன், பழஞ்சோறு தின்றுவிட்டு வந்த நாளிலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்தது, இந்தக் கணமே எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்குகிறேன் என்று கத்தினார்.

"அதுக்குக் குழு கூடத் தேவையில்லையோ ஐயா?" சூசைதாசன் பயத்தோடு கேட்டான். பிறகு எவராவது வந்து செல்லாது என்று சொல்லக்கூடாதே.

"விலகிறதுக்குத்தான் குழு! கலைக்கிறதுக்கு நான் ஒருத்தனே காணும்!"

சூசைதாசன் கையெடுத்துக் கும்பிட்டான். அவ்வளவு மனமாரக் கும்பிட்டதை அந்தக் கட்டடம் அதற்கு முன் கண்டதில்லை. கும்பிட்டுவிட்டு நேரே யன்னலோர மேசைக்குப் போனான். செபநாயகம் தலையை உயர்த்தி அவனுடைய முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து தன்னுடைய சொந்தப் பேனையை எடுத்தார். லாச்சியில் மிஞ்சியிருந்த பழைய தாளொன்றில் பாஸை எழுதினார், ஊதினார், ஒருவரும் கேட்டு வாங்காத முத்திரையைக் குத்தினார்.

"அண்ணை, இது செல்லுமோ?" சூசைதாசன் தலைவரின் அறைப்பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான். "கணனிக்குப் பீதியெல்லே..."

"கணனிக்குத்தானே தம்பி. எனக்கு ஒண்டும் இல்லை."

அவனுக்குப் பின்னால் அதற்குள்ளேயே ஒரு வரிசை உண்டாகியிருந்தது.

விடிகாலையில் ஸ்ரெல்லா சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினாள். "வேலை போயிட்டுதாமே?" என்று கேட்டாள். "ஓம், போயிட்டுது," என்றான். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

கரையில் காவல்காரன் பாஸைத் தலைகீழாகப் பிடித்து, முத்திரையைப் பார்த்து, போகச் சொன்னான். அவனும் கிறகோரியும் படகைத் தள்ளி இறக்கினார்கள். சூசைதாசன் மெசினின் கயிற்றைச் சுற்றி இழுத்தான். அது இருமியது, புகைத்தது, நின்றது. இன்னொரு முறை இழுத்தான். பிறகும் நின்றது.

"என்ன அத்தான்," கிறகோரி முகத்தைச் சுளிக்காமல் கேட்டான், "கேணலுக்குப் பீதியோ?"

சூசைதாசன் மெசினின் மூடியைத் திறந்தான். பிளக்கைக் கழற்றினான். கட்டியிருந்த சாரத்தின் தொங்கலால் துடைத்தான், வாயால் ஊதினான், பூட்டினான், இழுத்தான். மெசின் பிடித்துக்கொண்டது. படகின் மூக்கு மேலெழுந்து திரும்பியபோது, கிறகோரி வலையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தான்.